விலாச நோட்டு

எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் கன்னியம்மாள் முதலில் அதன் உள்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பாள். புடவைக் கடையில் ஜரிகை மினுங்குகிற பக்கத்தை விரித்துப் போடுவார்கள். இவள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டாள். ஓரத்தைப் பிடித்து மெல்லப் புரட்டி, நூல் எங்கே முடிகிறது, எங்கே அறுத்துவிட்டிருக்கிறார்கள் என்று விரலால் தடவுவாள். "உள்பக்கம் வெளியில தெரியற மாதிரியாம்மா கட்டிக்கப் போற?" என்று ஒரு கடைக்காரர் கேட்டே விட்டார். கூட வந்திருந்த அண்ணி ராஜம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கன்னியம்மாள் புடவையை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கடையிலும் அதையேதான் செய்தாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் பின்பக்கம், மாத்திரை அட்டை வாங்கினால் பின்பக்கம், பஸ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் அதற்கும் பின்பக்கம். இருபது வருஷமாக இப்படித்தான்.

சொந்த ஊரான அடி அண்ணாமலையில் அவள் எட்டாவது வரை படித்தாள். ஒன்பதாவதுக்குத் திருவண்ணாமலை டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். 1989இல் அப்பா இறந்தார். அண்ணன் தருமன் நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது தங்கையின் படிப்பையும் சேர்த்துப் பார்த்தான். "கேள்வி கேட்டா வாயே திறக்க மாட்டேங்குதுன்னு வாத்தியார் சொல்றாரு. டவுனு வரைக்கும் போயி வாயத் திறக்காம உக்காரதுக்கு வூட்டுலயே உக்காரட்டும்" என்றான். வாத்தியார் சொன்னது பொய்யில்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். எழுந்து நின்று சொல்லச் சொன்னால் பதில் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுகொள்ளும். பக்கத்துப் பெண் எழுந்து சொல்வாள், உட்காருவாள். கன்னியம்மாள் மட்டும் நின்றபடி இருப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து ராஜம்மாள் கல்யாணமாகி வந்தாள். சீரோடு ஒரு தையல் மெஷினும் வந்தது. ராஜம்மாளுக்குத் தைக்கத் தெரியாது. வீட்டு நடையில் அது துணி போர்த்திக்கொண்டு நின்றது. கன்னியம்மாளுக்குச் சொல்லித்தர யாருமில்லை. டவுனில் தைத்த பழைய ரவிக்கை ஒன்றை உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். எது முதலில் போட்ட தையல், எது கடைசி, கை எங்கே உடலோடு சேருகிறது என்று பார்த்துக்கொண்டு, பிரித்ததை அப்படியே மறுபடி தைத்தாள். மூன்றாவது ரவிக்கையில் பிரிக்காமலே தெரிந்துவிட்டது. அதன்பின் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தைத்தாள். ஆனாலும் மெஷின் ராஜம்மாளுடையது. "என் மெஷின நவுத்தாத", "என் மெஷினுக்கு எண்ணெ போட்டியா" என்று நாளைக்கு நாலு தடவை அது யாருடையது என்பது வீடு முழுக்கக் கேட்கும்.

பெண் பார்க்க இரண்டு முறை ஆட்கள் வந்தார்கள். ஏதோ கேட்டார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. "ஊமையா?" என்று வெளியில் போய்க் கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது யாரும் வரவில்லை. "கன்னியம்மான்னு பேரு வச்ச நேரம், அப்பிடியே நின்னுபோச்சு" என்பாள் ராஜம்மாள், வருகிறவர்களுக்கெல்லாம் காபியோடு சேர்த்து.

2004இல் ராமதாஸ் என்பவர் டவுனில் தேரடித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருந்த குடும்பம். எட்டு கம்ப்யூட்டர், எட்டுத் தடுப்பு, எட்டுக்கும் திரை வேண்டும். திரை தைக்கக் கன்னியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் அளவெடுக்க வந்து, தைத்து எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டூலில் ஏறிக் கம்பியில் கோத்து முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ராமதாஸ் அதைக் கவனித்தார். "கல்லாவுல உக்கார ஒரு ஆள் வேணும்மா. வர்றவன் எவனோட என்னா பேசறான், என்னா பாக்கறான்னு ஊருக்குச் சொல்லாத ஆளா வேணும். நீ உக்காரியா?" என்றார். அவள் தலையசைத்தாள். அவளுடைய ஊமைத்தனத்துக்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது.

வருகிறவர் பெயரை எழுதுவது, நேரம் குறிப்பது, தூசி தட்டுவது. இவ்வளவுதான் வேலை. ஒருநாள் நாலாம் நம்பரில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் கத்தினாள். "அக்கா! கெட்டுப்போச்சுக்கா! நான் ஒண்ணுமே செய்யலக்கா!"

மவுஸின் வலது பொத்தானை அழுத்தி எதையோ தட்டியிருக்கிறாள். வெள்ளையாக ஒரு நோட்பேட் திறந்து, உள்ளே புழு நெளிகிற மாதிரி எழுத்துகள். கன்னியம்மாள் மூடுவதற்காகத்தான் குனிந்தாள். மூடவில்லை. அந்த எழுத்துக் குப்பைக்கு நடுவே, சற்றுமுன் திரையில் இருந்த தலைப்பு அப்படியே இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கூர்மையான அடைப்புக்குறிகள், ஊசி குத்திய இடம் மாதிரி. அவளுக்குப் புரிந்துவிட்டது. கெட்டுப்போகவில்லை. இது உள்பக்கம்.

மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடையில் ஆள் கம்மி. அந்த மூன்று மணி நேரம் அவளுடையதானது. எட்டாவது படித்த இங்கிலீஷ்தான், ஆனால் உள்பக்கத்தில் வருவது அதே நாற்பது ஐம்பது வார்த்தைகள். ஒரு பக்கத்தைச் சேமித்து வைத்து, ஒரு எழுத்தை மாற்றி, மறுபடி திறந்து பார்ப்பாள். என்ன மாறியது என்று பார்ப்பாள். ரவிக்கை பிரித்த கதைதான். ஒரு நாள் யாரோ ஒரு பெரிய கம்பெனியின் முதல் பக்கத்தில் தலைப்பை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுத் திறந்தாள். நீலத்தில் பெரிதாக வந்து நின்றது. அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது தெரியும் என்று அவளுக்குத் தெரியும். யாராவது வருவதற்குள் அழித்துவிட்டாள்.

2007இல் ராமதாஸ் சென்னை ஏஜென்சி ஒன்றுக்கு ஊர் ஏஜெண்ட் ஆனார். கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் அறை பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி. கோபுரம், மலை, தீபம் என்று படம் படமாகப் போட்டு ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். சாதாரண நாளிலேயே அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பௌர்ணமிக்கு முன்னால் ஊரே அதில் ஏறி உட்கார்ந்தால் கோபுரத்தின் பாதி வரை வந்து நின்றுவிடும். கடையில் ஆட்கள் நிற்பார்கள், திட்டுவார்கள், போய்விடுவார்கள். சித்ரா பௌர்ணமிக்கு ஒரு அறைகூடப் பிடிக்க முடியவில்லை. ராமதாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

கன்னியம்மாள் அந்தப் பக்கத்தின் உள்ளே போனாள்.

அறைப் பட்டியலை அந்தப் பக்கம் தன்னிடம் வைத்திருக்கவில்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும். தேதியைச் சொல்லி ஒரு பொத்தானை அமுக்கினால், பக்கம் இருந்த இடத்தில் இருந்தபடியே சென்னையில் எங்கோ இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சத்தமில்லாமல் ஆள் அனுப்புகிறது. ஆள் போய்க் கேட்டு வாங்கி வந்ததைத்தான் அலங்காரம் செய்து காட்டுகிறது. ஆள் போகிறான் என்றால் அவன் கையில் ஒரு விலாசம் கொடுத்திருக்க வேண்டும். விலாசம் உள்பக்கத்தில் எங்காவது எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் எப்படிப் போவான்?

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. விலாசம் பக்கத்தில் இல்லை. வேறொரு கோப்பின் பெயர் மட்டும் ஒரு வரியில் இருந்தது. அந்தப் பெயரை ஏஜென்சியின் விலாசத்தோடு சேர்த்து மேலே அடித்தாள். நானூறு வரி வந்து விழுந்தது. தேடுகிற பெட்டியில், விலாசம் ஆரம்பிக்கிற எச் டி டி பி என்று அடித்துப் பார்த்ததில் ஒரே ஒரு இடம், அதுவும் பாதி விலாசம். சாய்ந்த கோட்டோடு முடிந்துபோனது. மீதி எங்கே? இரண்டாம் நாள், ஆளை அனுப்புகிற வார்த்தை 'ஓப்பன்' என்பதைக் கண்டுகொண்டு அதைத் தேடினாள். ஆறு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டல் குறி, அதன் பின்னால் ஒரு வால். கை தனியாக, உடல் தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சேர்த்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி.

சேர்த்தாள். வாலுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் தேதி. முதலில் நாளைப் போட்டு, மாதத்தை அடுத்துப் போட்டாள். வெறும் அடைப்புக்குறி வந்தது. அதிலேயே இரண்டு நாள் போனது. ஐந்தாம் நாள்தான் பார்த்தாள், அவர்கள் மாதத்தை முதலில் வைக்கிறார்கள். யார் வீட்டில் மாதத்தை முதலில் சொல்வார்கள்? மாற்றி அடித்தாள்.

படமில்லை, கோபுரமில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்தாக லாட்ஜ் பெயர், அறை எண், காலி என்றால் ஒன்று, இல்லையென்றால் சுழி. கண் இமைப்பதற்குள் முழுப் பட்டியலும் வந்து நின்றது.

ஒரு நீள நோட்டு வாங்கி, கண்டுபிடித்த விலாசங்களை அதில் எழுதினாள். பள்ளிக்கூட நோட்டுதான், அட்டையில் சீட்டு ஒட்டியிருந்தது. பெயர் என்ற இடத்தில் கன்னியம்மாள் என்று எழுதினாள். பாடம் என்ற இடத்தில் விலாசம் என்று எழுதினாள். வகுப்பு என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

அடுத்த பௌர்ணமிக்கு மற்ற கடைகளில் கோபுரம் பாதியில் நின்றுகொண்டிருக்க, ராமதாஸ் கடையில் காலி அறை எது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தார்கள். ராமதாசுக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்பிடிம்மா இது? எப்பிடி?"

அவள் நோட்டை நீட்டினாள். அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்து ஒன்றும் புரியாமல் திருப்பிக் கொடுத்தார். "யாருக்கும் சொல்லாத. நீ எங்க சொல்லப் போற! கேளு, ஏஜென்சிக்காரங்க நம்ம ஊர்லயே ஒரு ஆபீசு போடப் போறாங்களாம், வேங்கிக்கால்ல. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும்னு சொல்லிக்கீறாங்க. உன்னத்தான் சொல்லப் போறேன். இது சத்தியம்."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாள் தனியாக வேங்கிக்காலுக்குப் பஸ் ஏறினாள். புதுசு புதுசாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு இருந்தது. வழக்கம்போல வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய் இருந்தது, துணி உலர்த்தக் கம்பி இருந்தது. அந்த அறையில் யாருடைய மெஷினும் இருக்காது. அவள் அதற்குமேல் எதையும் ஆசைப்படவில்லை.

ஆடி மாதம், மீதி வால்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்றில் வேறு பட்டியல் வந்தது. அறை பிடித்தவர்களின் பெயர், ஊர், போன் நம்பர். நூற்றுக்கணக்கில். பக்கத்தின் வெளியில் எங்கும் தெரியாதது, உள்பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவளுக்கு அடுத்தவர் வீட்டுக் குளியலறைக் கதவைத் தெரியாமல் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. உடனே மூடினாள். நோட்டில் அந்த விலாசத்தை எழுதி, தேதி போட்டு, கீழே தமிழில் எழுதினாள்: 'இதில் பேரும் போன் நம்பரும் தெரிகிறது. சொல்ல வேண்டும்.'

சொல்வதற்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் ராமதாஸ் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏஜென்சிக்காரங்களுக்குச் சொல்லிடணும்ணா. ஜனங்க நம்பரெல்லாம் தெரியுது."

"அப்பிடியா? எல்லார் நம்பருமா?" ராமதாஸ் டம்ளரை வைத்தார். "சரி, அத்த நான் பாத்துக்கறேன். நீ கண்டுக்காத."

அப்போது ராமதாசின் மச்சினன் பிரசாத் மூன்றாம் நம்பரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். எம்.சி.ஏ. முடித்து ஒரு வருஷமாக அக்காள் வீட்டில்தான் இருந்தான். காது இந்தப் பக்கம் திரும்பியதைக் கன்னியம்மாள் பார்த்தாள். மறுநாள் அவள் வரும்போது நோட்டு அவன் மடியில் இருந்தது.

"இன்னாக்கா, விலாசம்னு தலைப்பு போட்டுக்கீற? லெட்டர் எழுதப் போறியா?" என்று சிரித்தான். "இதுக்குப் பேரு ஏ.பி.ஐ.க்கா. எங்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க இருந்திச்சு."

"பேரு எதுவா இருந்தா என்னா, ஆள் போற எடம்தானே" என்றாள் அவள், மெதுவாக.

"ஆள் போற எடமா! மாமா, கேட்டீங்களா? ஆள் போற எடமாம்!"

ராமதாசும் சிரித்தார். பிரசாத் அன்றைக்கு நோட்டைத் தரவில்லை. ஆறு விலாசத்தையும் தன் கம்ப்யூட்டரில் அடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் தந்தான். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டான். தேதி போட்டால் ஏன் வெறும் அடைப்புக்குறி வருகிறது? ஒரு செமஸ்டர் படித்தவனுக்கு அவள் சொன்னாள், மாதத்தை முதலில் போட வேண்டும் என்று.

ஐப்பசியில் சென்னையிலிருந்து செழியன் வந்தார். ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பகுதிக்குப் பெரியவர். திருவண்ணாமலையில் ஒரே ஒரு கடை மட்டும் எப்படி இவ்வளவு அறை பிடிக்கிறது என்று அவர்கள் கணக்கில் பார்த்துவிட்டு, நேரில் பார்க்க வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து ஐந்தாம் நம்பரின் திரை கிழிந்திருந்தது. கன்னியம்மாள் தரையில் உட்கார்ந்து கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றடி தூரம்.

"பக்கத்தையே திறக்காம பட்டியல மட்டும் தனியா எடுத்திருக்கீங்க" என்றார் செழியன். குரலில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "எங்க ஆளுங்களே இப்படி ஒரு வழிய யோசிக்கல. பக்கத்த லேசாக்கணும்னு ஆறு மாசமா தலைய பிச்சிக்கறோம். யாருங்க கண்டுபிடிச்சது?"

கன்னியம்மாளின் ஊசி நின்றது. பதில் தொண்டை வரை வந்துவிட்டது. ஒரே ஒரு சொல், நான். ராமதாஸ் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நொடி தயக்கம் இருந்தது, அதை அவள் மறக்கவில்லை. அவர் பார்த்தது அவளுடைய முழங்கையில் ஒட்டியிருந்த நூலை, தரையில் பரப்பியிருந்த திரையை. பிறகு திரும்பினார்.

"நம்ம பிரசாத்துதாங்க. என் மச்சான். எம்.சி.ஏ. படிச்சவரு."

பிரசாத் எழுந்து கைகொடுத்தான். செழியன் அவனிடம் தேதி விஷயத்தைக் கேட்டார். "அது ஒண்ணுமில்ல சார், மாசத்த முதல்ல போடணும். ரெண்டு நாள் அதுலயே போச்சு சார்" என்றான் பிரசாத். அவளுடைய இரண்டு நாளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான்.

அவர் போன பிறகு ராமதாஸ் அவளிடம் வந்தார். "தப்பா நெனச்சுக்காதம்மா. எட்டாவதுன்னு சொன்னா எடுக்க மாட்டாங்க. அவன் உள்ள போயிட்டான்னா அப்புறம் உன்ன இழுத்துக்குவான்."

அவள் தலையசைத்தாள். திரையைக் கம்பியில் கோத்தாள். தலையசைத்திருக்கக் கூடாது என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். அன்றைக்கு அந்தத் தலை அசைந்துவிட்டது.

கார்த்திகை தீபம் வந்தது. அறை பிடித்துவிட்டுக் காத்திருந்த ஜனங்களுக்கெல்லாம் போன் போனது. நீங்கள் பிடித்த அறை ரத்தாகிவிட்டது, அடி அண்ணாமலையில் வேறு வீடு இருக்கிறது, வாருங்கள் என்று. பாதிப் பேர் நம்பி வந்தார்கள். லாட்ஜில் அறை அவர்கள் பேரில் பூட்டியே கிடந்தது. அவர்களோ ஆடு கட்டுகிற கொட்டகையில் பாய் விரித்துப் படுத்தார்கள். போன் ராமதாஸ் கடையிலிருந்துதான் போனது. மூன்றாம் நம்பர் தடுப்புக்குள் பிரசாத் ஒரு வாரம் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்ததைக் கன்னியம்மாள் பார்த்தாள். வீடுகள் ராமதாஸ் கமிஷனுக்குப் பேசி வைத்தவை. அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது. அவர்தானே வீடு பேசினார்.

தை பிறந்ததும் பிரசாத் ஏஜென்சி வேலையில் சேரச் சென்னைக்குப் போனான்.

மாசியில் செழியன் மறுபடி வந்தார். இந்த முறை சிரிப்பில்லை. ஏஜென்சிமேல் புகார் குவிந்திருந்தது. கூடவே பிரசாத் வந்தான், சட்டைப் பையில் ஏஜென்சியின் அடையாள அட்டையைச் செருகியிருந்தான். ராமதாசின் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"இந்தக் கடையில இருந்துதான் சார் நம்பர் வெளிய போயிருக்கு" என்றான் பிரசாத். எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

ராமதாஸ் கல்லா மேசையின் இழுப்பறையைத் திறந்து நீள நோட்டை எடுத்து வைத்தார். அவர் அதை எடுப்பதைப் பார்த்ததும் கன்னியம்மாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. செழியன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆறு விலாசமும் இருந்தன, அழகான எழுத்தில், கோடு தாண்டாமல்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது" என்றாள் கன்னியம்மாள்.

அந்தக் கடையில் கேட்ட கேள்விக்கு அவள் உடனே வாய் திறந்து பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான். நோட்டு தன்னுடையது என்று சொல்ல அவள் ஐப்பசியிலிருந்து காத்திருந்தாள். கேள்வி மாறிவிட்டது என்பது வாயிலிருந்து சொல் போன பிறகுதான் உறைத்தது.

செழியனின் விரல் ஒரு வரியில் நின்றது. வாய்விட்டுப் படித்தார். "இதில் பேரும் போன் நம்பரும் தெரிகிறது. சொல்ல வேண்டும்." நிமிர்ந்தார். "அப்ப, தெரிஞ்சேதான் எடுத்திருக்கீங்க."

"நான் கண்டுபிடிச்சத பாத்து எழுதிக்கிட்டு, கீழ சொல்லணும்னு எழுதியிருக்கு பாருங்க சார்" என்றான் பிரசாத். "யாருக்கோ சொல்றதுக்குத்தான்."

"இல்லீங்க. உங்களுக்குத்தான்... உங்ககிட்டதான் சொல்லணும்னு..." அவள் ராமதாசைப் பார்த்தாள். "அண்ணா, அன்னிக்கு டீ குடிக்கறப்போ..."

ராமதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்ககிட்ட சொல்லணும்னா ஏன் சொல்லல?" என்றார் செழியன். அவர் கெட்டவர் இல்லை. நியாயமாகத்தான் கேட்டார். "நான்தான் ஐப்பசில வந்தேனே. நீங்க இங்கதானே தரையில உக்காந்து தச்சிக்கிட்டு இருந்தீங்க? அப்ப சொல்லியிருக்கலாமே?"

கன்னியம்மாள் ஐந்தாம் நம்பர் திரையில் அன்றைக்குத் தான் போட்ட தையலைப் பார்த்தாள்.

எட்டாவது படித்த பெண் என்பதால் போலீசுக்குப் போகவில்லை என்று செழியன் சொன்னார். நோட்டை எடுத்துக்கொண்டு போனார். ராமதாஸ் அவளை வாசல் வரை கூட்டிப்போய், "ரெண்டு நாள் வூட்ல இரும்மா. கொஞ்சம் ஆறட்டும். கூப்பிடறேன்" என்றார். அவர் கூப்பிடவில்லை.

அடி அண்ணாமலைக்கு அந்தச் சேதி அவளுக்கு முந்தியே பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது. வரும் வழியில் அது வேறு மாதிரி ஆகியிருந்தது.

"விலாச நோட்டு புடிச்சாங்களாமே!" என்றாள் ராஜம்மாள், தெரு கேட்கிற குரலில். "ஊமை மாதிரி இருந்துக்கினு எத்தினி ஆம்பளைங்க விலாசம்டி எழுதி வச்சிருந்த? அதான் அந்தக் கடைக்குத் திரை போட்டியா?"

"அது ஆளுங்க விலாசம் இல்ல அண்ணி."

"பின்ன யார் விலாசம்?" என்றான் தருமன்.

"கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் இருக்குதில்லண்ணா... அது உள்ளாரயிருந்து வேற எடத்துக்குப் போயிக் கேக்கும். அது போற விலாசம்."

தருமன் அவளையே பார்த்தான். "பக்கம் எங்கடி போயிக் கேக்கும்? பக்கத்துக்குக் காலு கீதா?"

ராஜம்மாள் சிரித்தாள். வாசலில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கன்னியம்மாள் நடைக்குப் போய் மெஷின்மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். அந்தச் சிரிப்பு அதன்பின் வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாராவது அவள் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "அதுங்கிட்ட விலாசம் இருக்குது, மாப்பிள்ளைதான் வரல" என்பாள் ராஜம்மாள்.

ஒரு வருஷம் கழித்து வேங்கிக்காலில் ஏஜென்சியின் ஆபீஸ் திறந்தது. ஜன்னல்களுக்குத் திரை வேண்டும் என்று டவுன் துணிக்கடைக்கு ஆர்டர் வந்தது. கடைக்காரர் தைக்கிற வேலையைக் கன்னியம்மாளிடம் கொடுத்தார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கொண்டுபோய் மாட்டும்போதுதான் சுவரில் கோபுரப் படத்தைப் பார்த்தாள். இரண்டு பெண்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இருபது இருபத்தொரு வயசு இருக்கும். ஒருத்தியின் கம்ப்யூட்டர் திரையில் அறைப் பட்டியல் இருந்தது. கோபுரமில்லை, மலையில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து. சட்டென்று வந்து நின்றது.

"ஏஜெண்ட்டுங்களுக்குன்னு புதுசா போட்டுக்கீறாங்கக்கா" என்றாள் அந்தப் பெண், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "பிரசாத் சாரோட ஐடியாவாம். முன்னல்லாம் ரொம்ப ஸ்லோவாம்."

"அப்பிடியா" என்றாள் கன்னியம்மாள். ஸ்டூலில் ஏறித் திரையைக் கம்பியில் கோத்தாள். இறங்குவதற்குமுன் அதன் உள்பக்கத்தைத் திருப்பி, நூல் எங்காவது தொங்குகிறதா என்று பார்த்தாள். தொங்கவில்லை.

இது 2009. பிரசாத் சென்னையில் அந்த ஏஜென்சியிலேயே மேலே போயிருக்கிறான். ராமதாஸ் கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ்தான் ஜாஸ்தி, எட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று ஓடுகிறது. நோட்டு திரும்பி வரவில்லை. வேங்கிக்கால் மாடி அறையில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கன்னியம்மாளுக்கு முப்பத்து நாலு வயது. அண்ணன் வீட்டு நடையில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறாள். மெஷின் ராஜம்மாளுடையது.